அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்: நாட்டைவிட்டுக் கிளம்ப முடிவெடுத்தோருக்கு ஒரு திறந்த மடல்

அரசை நம்ப முடியவில்லை, அரசுக்குப் பின்னால் இன்னோர் அரசு இருக்கிறது என்ற அச்சத்தில் நாட்டைவிட்டுக் கிளம்ப முடிவெடுத்திருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். குடிவரவுச் சட்டம், ஆவணச் சான்றளிப்பு, சட்ட மொழிபெயர்ப்பு ஆகிய வேலைகளில் இருக்கும் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்கள் அச்சம் சரியா தவறா என்று தீர்ப்பு சொல்வது எங்கள் நோக்கமல்ல. போவதா இருப்பதா என்பது உங்கள் முடிவு. எந்த நாட்டைவிட்டும், சொந்த நாட்டைவிட்டும்கூட, வெளியேறவும் தன் நாட்டுக்குத் திரும்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 13-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. எங்கள் கவலை வேறு. “வங்கியில் கிடப்பதை முதலில் எடு”, “யாரிடமும் மூச்சு விடாதே”, “போய்ச் சேர்ந்துவிடு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று உங்களுக்குள் சுற்றிவரும் அறிவுரைகளில் பல, நீங்கள் எந்தக் கையிலிருந்து தப்ப நினைக்கிறீர்களோ அதே கையில் உங்களைக் கொண்டுபோய் ஒப்படைப்பவை.

மறைமுக அதிகாரம் என்பதே கட்டுக்கதை என்று உங்களைக் கேலி செய்பவர்களோடு நாங்கள் சேரவில்லை. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1956 முதல் 1971 வரை ‘கோயின்டெல்ப்ரோ’ என்ற பெயரில் சொந்தக் குடிமக்களின் இயக்கங்களுக்குள் ஆள் நுழைத்துக் குலைத்தது. பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரில் இருந்த அதன் அலுவலகத்தை 1971 மார்ச்சில் சிலர் உடைத்துக் கோப்புகளை எடுத்துச் சென்ற பிறகுதான் அது வெளியே வந்தது. கிழக்கு ஜெர்மனியின் உளவுக் காவல் அமைப்பான ஷ்டாசி, 1989-இல் சுமார் 90,000 முழுநேர ஊழியர்களை வைத்திருந்தது. துப்புக் கொடுத்தவர்கள் அதைவிட அதிகம். தென் அமெரிக்க ராணுவ ஆட்சிகள் 1975 நவம்பரில் சிலியின் சாந்தியாகோவில் கூடி, எதிர்ப்பாளர்களை எல்லை தாண்டியும் தேடிப் பிடிக்கத் தொடங்கிய ‘காண்டோர்’ கூட்டு நடவடிக்கையின் காகிதங்கள், 1992 டிசம்பரில் பராகுவே நாட்டின் லம்பாரே காவல் நிலையம் ஒன்றில் கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. திரை விலகியபோது உள்ளே இருந்தது பூதமல்ல, அலுவலகம். கோப்பு, அட்டவணை, முத்திரை, சம்பளப் பட்டியல். அதிகாரம் எவ்வளவு மறைந்திருந்தாலும் ஒரு தனிமனிதனைத் தொட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கவுண்டர் வழியாகத்தான் கை நீட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் தற்காப்பும் அந்தக் கவுண்டரில்தான் தொடங்கும்.

காண்டோரிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. அதில் மாட்டியவர்களில் பலர் ஏற்கெனவே நாடு கடந்து வந்தவர்கள். உருகுவேயிலிருந்து ஆர்ஜென்டீனாவுக்கு ஓடியவர்களை ஆர்ஜென்டீனாவிலேயே பிடித்தார்கள். சிலியின் முன்னாள் அமைச்சர் ஒர்லாந்தோ லெத்தெலியரின் குடியுரிமையை 1976 செப்டம்பரில் பறித்தார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி வாஷிங்டன் நகரத் தெருவில் அவர் காரில் குண்டு வெடித்தது. எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கும் அளவுக்கு அரசுகளுக்கு நடுவே இருப்பதில்லை.

எனவே பெட்டி கட்டும் முன்பு ஒரு தாளை எடுத்து, எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். ‘அவர்கள்’ என்று எழுதக்கூடாது. எந்தத் துறை, எந்தக் கருவியால், உங்களிடமிருந்து எதைப் பறிக்கும்? கருவிகள் அப்படியொன்றும் அதிகமில்லை. பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, வெளியேறத் தடை போடுவது, கணக்கை முடக்குவது, வழக்கு போடுவது, ஒட்டுக்கேட்பது, நேரடியாக உடலுக்குத் தீங்கு செய்வது. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கணக்கு முடக்கத்துக்கு அஞ்சுபவர் நாட்டையே விட வேண்டியதில்லை. வெளியேறத் தடைக்கு அஞ்சுபவரோ வீட்டை விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லாதவர்.

எழுத உட்கார்ந்தால் குறிப்பாக எதுவும் வரவில்லை, ஒரு கசப்பும் அருவருப்பும்தான் மிஞ்சுகிறது என்றாலும் தவறில்லை. நாட்டை மாற்ற அதுவும் போதுமான காரணமே. ஆனால் அப்போது அவசரம் என்ற ஒன்று இல்லை. ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ எடுத்துக்கொண்டு முறையாகப் போகலாம். அவசரத்தில் கிளம்புபவர் சுற்றுலா விசாவில் போகிறார், நிதானமாகக் கிளம்புபவர் குடியிருப்பு அனுமதியோடு போகிறார். முதலாமவர் விசா முடியும் தொண்ணூறாவது நாள் எங்கள் முன் வந்து உட்காருவார். அதற்குள் சொல்லக்கூடியது பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும்.

இனி தாள்கள். இந்த மடலில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். அரசை நம்பாதவர், நம்புகிறவரைவிட அதிகமாக அரசின் தாள்களைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். நம்புகிறவர் நாளை போய் இன்னொரு நகல் வாங்கிக்கொள்வார். உங்களுக்கு அந்த நாளை இல்லாமல் போகலாம்.

சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி 2018 அக்டோபர் 2-ஆம் தேதி இஸ்தான்புல்லில் இருந்த சவூதி துணைத் தூதரகத்துக்குள் போனது எதற்காக? மறுமணம் செய்வதற்குத் தேவையான ஒரு சான்றுக்காக. முந்தைய மணம் முறிந்துவிட்டது என்று காட்டும் ஒரு தாள். அதற்காக உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அவ்வளவு தூரம் போகாத இன்னோர் உதாரணம் பெலருஸ். 2023 செப்டம்பர் 4-ஆம் தேதி வெளியான 278-ஆம் எண் ஆணை, வெளிநாட்டில் வாழும் பெலருஸ் குடிமக்களின் பாஸ்போர்ட்டைத் தூதரகங்கள் புதுப்பிப்பதை நிறுத்தியது. புதுப்பிக்க வேண்டுமானால் நாட்டுக்கு வா என்பதுதான் அதன் பொருள். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்தை வைத்து உள்ளூர்ச் சொத்தை விற்கும் வழியையும் அதே ஆணை அடைத்தது. 2020-க்குப் பிறகு வெளியேறியவர்களில் யார் கிளம்பும் முன்பே பத்திரம் எழுதி வைத்தார்களோ, யார் பாஸ்போர்ட்டில் பல வருடம் மிச்சம் வைத்திருந்தார்களோ, அவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

வரிசை முக்கியம். முதலில் பாஸ்போர்ட். காலாவதிக்கு இன்னும் நாலைந்து வருடம் இருந்தாலும் புதுப்பிக்க விதி இடம் கொடுத்தால் புதுப்பித்துவிடுங்கள். பல நாடுகள் ஆறு மாதக் காலமாவது மீதமிருக்க வேண்டும் என்று கேட்கும். எதிரெதிராக இரண்டு காலிப் பக்கம் கேட்கும் நாடுகளும் உண்டு. அடுத்தது பிறப்புச் சான்று. பெற்றோர் பெயர், பிறந்த இடம், பதிவு எண் எல்லாம் உள்ள முழு வடிவமே வேண்டும். சுருக்கச் சான்றைக் குடியுரிமை அலுவலகங்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். பெற்றோர், தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமணச் சான்றுகளையும் கிடைக்கும் வரை வாங்குங்கள். வம்சாவளியாகக் குடியுரிமை கொடுக்கும் நாடுகள் பல இருக்கின்றன. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் விண்ணப்பம் நிற்கும். பிறகு திருமணம், விவாகரத்து, துணை இறந்திருந்தால் இறப்புச் சான்று. பட்டச் சான்றோடு மதிப்பெண் பட்டியலும் பாடத்திட்டமும் வேண்டும். மருத்துவர், செவிலியர், பொறியாளர் போன்றோரின் தகுதியை ஒப்பிடும்போது பட்டத்தைவிட எத்தனை மணி நேரம் என்ன படித்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். வேலை செய்த இடங்களின் அனுபவக் கடிதம், ஓய்வூதியப் பங்களிப்புக் கணக்கு, ஓட்டுநர் உரிமத்தின் வரலாற்றுச் சான்று, மருத்துவக் கோப்பு, தடுப்பூசிப் பதிவு. போலீஸ் நற்சான்று கடைசியில்தான். அதற்கு ஆயுள் குறைவு, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம். முதலில் வாங்கி வைத்தவர்கள் எல்லோரும் இரண்டாவது முறை வாங்குகிறார்கள்.

இந்தத் தாள்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக, தாள் உண்மையானது என்று கொடுத்த நாடே சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் நூற்றிருபதைத் தாண்டிவிட்டன; சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் உள்ளே வந்தன. இரு நாடும் உடன்படிக்கையில் இருந்தால் ஒரே முத்திரை போதும். ஏதாவது ஒன்று இல்லையென்றால் நோட்டரி, உள்ளூர் வெளியுறவுத் துறை, போகும் நாட்டின் தூதரகம், சில சமயம் அங்கு போன பின் அந்நாட்டு வெளியுறவுத் துறை என்று முத்திரைமேல் முத்திரை ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வாரக்கணக்கு. போகும் நாடு எதுவென்று முடிவாகாத நிலையிலும் அப்போஸ்டில் வாங்கி வைப்பது வீணல்ல.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு மொழிபெயர்ப்பில். தாளை முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு அப்போஸ்டில் வாங்குவார்கள். அந்த நாட்டு அதிகாரியோ முத்திரையில் உள்ள எழுத்தையும் தன் மொழியில் கேட்பார். எனவே முத்திரை முதலில், மொழிபெயர்ப்பு பிறகு. அதுவும் போகும் நாட்டில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரே செய்ய வேண்டும் என்று விதி இருந்தால் இங்கே செய்த மொழிபெயர்ப்பு குப்பைக்குத்தான். இரண்டாவது தவறு பெயர். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, பட்டத்தில் ஓர் எழுத்து, பிறப்புச் சான்றில் வேறொரு வரிசை. ‘இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரியிடம் முடித்து, அதற்கும் அப்போஸ்டில் வாங்கிவிடுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் ஆறு மாதம் தேங்கிய கோப்புகள் ஏராளம். மூன்றாவது, சான்றுகளை ஸ்கேன் செய்து ஒரே மின்னஞ்சலில் போட்டு வைப்பது. அந்த மின்னஞ்சல் உங்கள் பழைய தொலைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பும், அந்த எண் அப்போது செத்திருக்கும்.

அந்த எண்ணைப் பற்றி இரண்டு வரி. கிளம்பியவர்கள் பணத்தை இழப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அரசல்ல, சிம். வங்கி, வரித்துறை, மின்னஞ்சல் எல்லாம் அந்த எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் எண் வேறொருவருக்குப் போய்விடும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே எல்லாக் கணக்கையும் குறியீடு தரும் செயலிக்கு மாற்றுங்கள். மாற்ற இடம் கொடுக்காத வங்கிக்காக எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு பாஸ்போர்ட் இல்லாத வேறொரு பையில் வையுங்கள்.

பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதே தவிர உங்களுடையதல்ல. அது கொடுத்த அரசின் உடைமை. அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பை வெளிப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடென் 2013 ஜூன் 23-ஆம் தேதி மாஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியபோது அவர் பாஸ்போர்ட் ஏற்கெனவே ரத்தாகிவிட்டிருந்தது. ஆகஸ்ட் 1 வரை அந்த நிலையத்தின் இடைவழிப் பகுதியைவிட்டு அவரால் வெளியே வர முடியவில்லை. நிகராகுவா 2023 பிப்ரவரியில் 222 அரசியல் கைதிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டுக் குடியுரிமையைப் பறித்தது. சில நாளில் இன்னும் 94 பேருடையதும் போனது. ஸ்பெயின் அவர்களுக்குக் குடியுரிமை தர முன்வந்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு ஸ்பெயின் கிடைக்காது. ஆகவே பாஸ்போர்ட் ரத்தாகும் என்பதே உங்கள் அச்சமென்றால், அது செல்லுபடியாகும்போதே வேறொரு நாட்டின் குடியிருப்பு அட்டையை வாங்கிவிட வேண்டும். அட்டை இருந்தால், பாஸ்போர்ட் செத்தாலும் அந்த நாட்டில் நீங்கள் சட்டப்படி இருப்பவர். வெறும் விசாவோடு இருந்தால் அப்படியல்ல.

ஆத்திரத்தில் குடியுரிமையைத் துறந்துவிடுவது இன்னும் மோசம். இன்னொரு குடியுரிமை கையில் வரும்வரை எக்காரணம் கொண்டும் அதில் கையெழுத்திடாதீர்கள். நாடற்றவரைத் திருப்பி அனுப்ப இடமில்லை என்பதால் அவர் விடுவிக்கப்படுவார் என்று உங்களுக்குள் ஒரு நம்பிக்கை உலவுகிறது. நடப்பது நேர்மாறு. அனுப்ப இடமில்லாதவர் தடுப்புக்காவலில் வெகுகாலம் கிடக்கிறார்.

வழியும் கவனிக்க வேண்டியதே. 2021 மே 23-ஆம் தேதி ஏதென்ஸிலிருந்து வில்னியஸுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் விமானத்தை பெலருஸ் வெடிகுண்டு மிரட்டல் என்று சொல்லி மின்ஸ்கில் இறக்கி, அதிலிருந்த எதிர்ப்புப் பத்திரிகையாளர் ரமான் பிரதசேவிச்சைக் கைது செய்தது. அவர் பயணச்சீட்டில் பெலருஸ் என்ற சொல்லே கிடையாது. உங்கள் பெயரில் வழக்கு இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் எந்த நாட்டில் இறங்கி மாறுகிறீர்கள் என்பதோடு எந்த வான்பரப்பைக் கடக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 196 நாடுகள் சேர்ந்திருக்கும் பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போலின் கோப்புகளில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் கேட்டறிய முடியும். அதன் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு நீங்களே எழுதலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்கும் மனுவுக்கு நான்கு மாதமும் நீக்கக் கோரும் மனுவுக்கு ஒன்பது மாதமும் என்பது விதியில் உள்ள காலக்கெடு. ஒருவரைத் தேடிப் பிடிக்கக் கேட்டு இன்டர்போல் உறுப்பு நாடுகளுக்கு அனுப்பும் சிவப்பு அறிவிப்பு என்பது சர்வதேசப் பிடியாணை அல்ல. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். அரசியல் தன்மையுள்ள வழக்கில் இன்டர்போல் தலையிடக்கூடாது என்று அதன் அமைப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. மனுவில் முதலில் எடுத்துக்காட்ட வேண்டியதும் அதைத்தான்.

பணம். வங்கியை நம்பாதவர்களுக்கும் வரலாறு ஆதாரம் வைத்திருக்கிறது. ஆர்ஜென்டீனா 2001 டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோவுக்குமேல் எடுக்கவிடவில்லை. சைப்ரஸ் 2013-இல் தன் பெரிய வங்கியில் 1,00,000 யூரோவுக்கு மேலிருந்த வைப்புகளில் 47.5 விழுக்காட்டை வங்கிப் பங்காக மாற்றிக் கையில் கொடுத்தது. கிரேக்கம் 2015 ஜூன் இறுதியில் நாளொன்றுக்கு 60 யூரோ என்றது. மூன்றிலும் பாடம் ஒன்றுதான்: ஒரே நாட்டில், ஒரே வங்கியில், வைப்புக் காப்பீட்டு வரம்புக்கு மேல் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வரம்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,00,000 யூரோ.

ஆனால் எல்லாவற்றையும் நோட்டாக எடுத்துப் பெட்டியில் அடுக்குவது வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை. ஐரோப்பிய ஒன்றிய எல்லையில் 10,000 யூரோவும் அதற்கு மேலும், அமெரிக்க எல்லையில் 10,000 டாலருக்கு மேலும் இருந்தால் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் குற்றமில்லை, அறிவிக்காவிட்டால் பணம் போகும். குடும்பத்தோடு சேர்ந்து போகும்போது எல்லோரிடமும் உள்ள தொகையையும் கூட்டிப் பார்க்கும் நாடுகள் உண்டு. இன்னும் பெரிய சிக்கல், போன பிறகு அந்த நோட்டுகளை எந்த வங்கியும் வாங்காது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். வீடு விற்ற பத்திரம், வரி கட்டிய ரசீது, பணம் வந்து விழுந்த வங்கிக் கணக்கின் நகல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கணக்கு திறக்கும். கணக்கிலிருந்து கணக்குக்கு, ஆதாரத்தோடு, கிளம்பும் முன்பே அனுப்பிவிடுவதுதான் பாதுகாப்பு. அங்கு கணக்கு திறக்க முகவரி வேண்டும், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்குக் கணக்கு வேண்டும் என்ற சுழலை உடைக்க, ஒருமுறை முன்னதாகப் போய்வருவது செலவல்ல.

வெளிநாட்டுக் கணக்கு யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் காலாவதியாகிவிட்டது. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2014-இல் வகுத்த பொது அறிக்கைத் தரத்தின்படி 2017 முதல் நாடுகள் கணக்கு விவரத்தைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் இதில் உண்டு. இருப்பு, வட்டி, உங்கள் வரி எண், முகவரி எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை போகும். எங்கே போகும்? நீங்கள் எந்த நாட்டின் வரிவாசி, அதாவது வரிக்கணக்கில் எந்த நாட்டில் வசிப்பவர், என்று எழுதிக் கொடுத்தீர்களோ அங்கே. எனவே பழைய நாட்டின் வரிவாசி என்ற நிலையை முறைப்படி முடித்துக்கொள்வது அவசியம். வெறுமனே போய்விட்டால் அது முடிவதில்லை. வருடத்தில் 183 நாள் தங்கினால் அந்த நாட்டின் வரிவாசி என்ற கணக்கை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஆனால் வீடு, துணை, பிள்ளைகள், தொழில் எங்கே என்பதையும் பல நாடுகள் பார்க்கின்றன. அமெரிக்கரும் எரித்ரியரும் உலகில் எங்கு போனாலும் குடியுரிமையின் பேரிலேயே வரி கட்ட வேண்டியவர்கள். சில நாடுகள் கிளம்பும்போதே விற்காத பங்குக்கும் விற்றதுபோலக் கணக்கிட்டு வரி கேட்கும். அந்த வரியை மறைத்துக் கிளம்புபவர், தன்னைத் தேடச் சட்டப்படியான ஒரு காரணத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இப்போது போய்ச் சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்பிலிருந்து தப்ப வந்தவருக்கு முதல் வாரமே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். ஜப்பான் 2007 நவம்பரிலிருந்து உள்ளே வரும் வெளிநாட்டவரிடம் கைரேகையும் படமும் எடுக்கிறது. தன் குடிமக்களிடம் எடுப்பதில்லை. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், ஜப்பானில் 14 நாளுக்குள். தாய்லாந்தில் நீண்டகால விசாவில் இருப்பவர் 90 நாளுக்கொருமுறை எங்கே இருக்கிறார் என்று குடிவரவுத் துறைக்குச் சொல்ல வேண்டும். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியின் புதிய நுழைவு வெளியேற்ற முறை 2025 அக்டோபர் 12 முதல் முகத்தையும் விரலையும் பதிந்து, 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம் என்ற கணக்கைத் தானே போடத் தொடங்கியிருக்கிறது. வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் உண்டு என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள், இயந்திரம் விடாது.

வெளிநாட்டவர் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எடை உண்டு. 1966-ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை ஏறக்குறைய எல்லா உரிமையையும் ‘ஒவ்வொருவருக்கும்’ என்று கொடுத்துவிட்டு, வாக்களிப்பதும் பொதுப்பணியில் பங்கேற்பதும் பற்றிய 25-ஆம் பிரிவில் மட்டும் ‘ஒவ்வொரு குடிமகனுக்கும்’ என்று சொல் மாற்றுகிறது. அமெரிக்காவின் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் 2008-இல் சேர்ந்த 702-ஆம் பிரிவு, நாட்டுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரின் தொடர்புகளைத் தனித்தனி நீதிமன்ற ஆணை இல்லாமலேயே எடுக்க இடம் கொடுக்கிறது. குடிமக்களை அப்படிக் குறிவைக்க முடியாது. உங்கள் நாட்டில் உங்களுக்கு இருந்த ஓட்டு, வழக்கு, தகவல் கேட்கும் உரிமை என்ற கருவிகளை எல்லாம் கீழே வைத்துவிட்டு, அவை முழுதாகக் கிடைக்காத இடத்துக்குப் போகிறீர்கள். அங்கே அரசு நல்லதாக இருக்கலாம். ஆனால் அதைக் கேள்வி கேட்கும் இடத்தில் நீங்கள் பல வருடம் இருக்கமாட்டீர்கள். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வரியையும் வானிலையையும் பார்ப்பதற்கு முன் குடியுரிமைக்கு எத்தனை வருடம், இரட்டைக் குடியுரிமைக்கு இடமுண்டா, குடியிருப்பு அனுமதியை மறுத்தால் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியுமா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவதுதான் எங்களுக்கு முதலாவது.

புகலிடம் கேட்கலாமே என்பவர்களுக்கு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களை மட்டுமே ஏற்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. அச்சம் ‘ஆதாரமுள்ளதாக’ இருக்க வேண்டும். அரசு பொய் சொல்கிறது, பின்னால் வேறு யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும், அது உங்களைக் குறிவைக்கிறது என்று காட்டாதவரை அந்த ஐந்தில் விழாது. குறிவைத்ததற்கான அழைப்பாணை, சோதனைப் பட்டியல், வேலைநீக்கக் கடிதம், மருத்துவமனைக் குறிப்பு ஆகியவற்றைத் தேதியோடு அடுக்குங்கள். அமெரிக்காவில் வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு சொந்த நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று உங்களுக்கு எதிராகவே எழுதுவார்கள். வழக்கு தோற்றால் அந்த மறுப்பு பிற்பாடு கேட்கும் விசாக்களிலும் உங்களைப் பின்தொடரும். ஆதாரம் இருப்பவர் தயங்காமல் கேளுங்கள். இல்லாதவர் வேலை, படிப்பு, குடும்பம், ஓய்வூதியம் என்ற சாதாரண வழிகளில் போங்கள்.

அச்சத்துக்கு ஒரு சந்தை இருக்கிறது. அதில் உங்களைப் போன்றவர்கள்தான் வாடிக்கையாளர்கள். ‘உலகக் குடிமகன் பாஸ்போர்ட்’ 1954 முதலே விற்பனையில் இருக்கிறது. அதைக் கொண்டு எல்லை கடக்க முடியும் என்று எண்ணி விமான நிலையத்தில் நிற்பவர் இன்றும் இருக்கிறார்கள். நான் எந்த அரசுக்கும் கட்டுப்பட்டவனல்ல என்று ஒரு அறிவிப்பை நோட்டரியிடம் முத்திரையிட்டால் வரியும் வழக்கும் விலகும் என்று வகுப்பெடுப்பவர்கள் வேறு. எந்த நீதிமன்றமும் அதை ஏற்பதில்லை. முதலீட்டுக் குடியுரிமை சட்டபூர்வமானதே, ஆனால் வாங்கிய பிறகு மதிப்பு மாறும் சரக்கு. சைப்ரஸ் 2020-இல் கடையைச் சாத்தியது. மால்டாவின் திட்டம் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று 2025 ஏப்ரல் 29-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வனுவாட்டு பாஸ்போர்ட்டுக்கு இருந்த விசா இல்லா நுழைவை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் முழுதாக நீக்கியது. போர்ச்சுகலும் ஸ்பெயினும் வீடு வாங்கிக் குடியிருப்பு பெறும் வழியை அடைத்துவிட்டன. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம், ‘இன்னும் இரண்டு வாரத்தில் எல்லை மூடப் போகிறார்கள்’ என்று சொல்பவரிடம், எந்த நாட்டில் தனக்கு உரிமம் என்று சொல்லாதவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் மற்ற பெற்றோரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி முத்திரையோடு கொண்டுபோக வேண்டும். சம்மதமில்லாமல் கொண்டுபோனால் 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி பிள்ளையைத் திருப்பி அனுப்ப ஆணை வரலாம். அங்கே உங்கள் அரசியல் அச்சம் மட்டும் போதுமான பதிலாகாது. மருந்து உண்பவர்கள் போகும் நாட்டின் தடைப் பட்டியலை முதலில் பாருங்கள். ஆம்ஃபெட்டமின் உள்ள மாத்திரையை மருத்துவர் சீட்டோடு கொண்டுபோனாலும் ஜப்பானில் குற்றம். நாய், பூனையை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக தோலுக்கடியில் வைக்கும் ஐஎஸ்ஓ தர அடையாளச் சிப் முதலில், ரேபிஸ் ஊசி அதற்குப் பிறகு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து போனால் ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ரேபிஸ் எதிர்ப்புப் பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருப்பதைக் காட்டி, அதிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வரிசை மாறிச் சிப்புக்கு முன் ஊசி போட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பானுக்கு அந்தக் காத்திருப்பு 180 நாள். அவசரமாகக் கிளம்புபவர் நாயை யாரிடம் விடுவது என்று இப்போதே பேசி வைக்கட்டும்.

இரகசியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாருக்கும் சொல்லாதே என்பது பாதி சரி. பயணத் தேதியையும் வழியையும் அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் உள்ளூரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் பெயரில் எல்லாவற்றையும் அல்ல. வீட்டு வாடகை வசூல், வரித் தாக்கல், சான்று நகல் வாங்குதல் என்று எண்ணி எழுதி, முடியும் தேதியோடு. பொது அதிகாரம் கொடுத்துவிட்டு வீட்டை இழந்தவர்கள் அரசை நொந்து பயனில்லை. உங்கள் வழக்கறிஞரிடம் மூல ஆவணங்களின் சான்றளித்த நகல் ஒரு தொகுதி இருக்கட்டும். அப்போஸ்டில் பெற்ற இன்னொரு தொகுதி கையில், ஸ்கேன் நகல்கள் கடவுச்சொல் போட்ட சிறு நினைவகத்தில் ஒன்று, நாட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் ஒன்று. எல்லையைக் கடக்கும் முன் தொலைபேசியை முழுதாக அணைத்துவிடுங்கள்; மீண்டும் போட்டால் விரலோ முகமோ கேட்காது, எண் கேட்கும். தேவையில்லாத உரையாடல்களைக் கொண்டுபோவானேன்?

கடைசி மாதத்தில், வெளியேறத் தடையோ பிடியாணையோ இருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் நீதிமன்றப் பதிவில் பார்க்கச் சொல்லுங்கள். கட்டாத அபராதம், ஜீவனாம்ச பாக்கி, வரி நிலுவை என்று அற்பமானவற்றுக்கும் விமான நிலையத்தில் நிறுத்தும் நாடுகள் இருக்கின்றன. ஐந்து வருடமாகக் கட்டாத ஒரு சிறு அபராதத்துக்காக நிறுத்தப்படுபவர், தன்னைப் பிடித்தது அந்த மறைமுக அதிகாரம்தான் என்று வாழ்நாள் முழுவதும் நம்புவார்.

இந்த மடலைப் படித்துவிட்டு உங்கள் தாள்களைத் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள். எது இல்லை, எதில் பெயர் பொருந்தவில்லை, எது எப்போது காலாவதியாகிறது என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் போடுங்கள். குழுவாக எங்களிடம் வாருங்கள், ஆனால் அந்தப் பட்டியலோடு வாருங்கள். பிறப்புச் சான்றின் முழு வடிவம் இல்லாதவர்கள் முதலில்.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளைப் படிப்பவர்கள்